செலவும் செலவுக் குறிப்பும்

'செலவு' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. செல்லுதல், அதாவது பயணம் என்பது பழம்பொருள். கைப்பொருளைக் கொடுத்துக் கழித்தல் என்பது இன்று யாவரும் அறிந்த பொருள். பொருள்தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் வாட்டத்தைக் கண்டு பயணத்தைத் தள்ளிவைப்பதைச் 'செலவழுங்குதல்' என்று அகத்துறை வகுத்தோர் கூறினர். இக்காலத்து மாணவன் அத்தொடரை முதன்முதலில் கேட்கும்போது, தலைவன் கைச்செலவுக்கு அஞ்சி வீட்டிலேயே தங்கிவிட்டான் என்று எண்ணக்கூடும். வகுப்பு நகைக்கும்; ஆசிரியர் திருத்துவார். ஆயினும் அம்மாணவனின் பிழைக்குள்ளும் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. ஒரு குடும்பம் விடுமுறைக்குக் காரில் சென்று வந்ததை எழுதிவைத்த பழைய நாட்குறிப்பைத் திறந்தால், அச்சொல்லின் இரு பொருளும் ஒரே பக்கத்தில் இருக்கும். சென்ற வழி ஒருபுறம், பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்த காசு மறுபுறம்.

இத்தகைய குறிப்புகளை இலக்கியம் என்று எவரும் கொள்வதில்லை. பயண நூல்களுக்குத் தமிழில் மதிப்பு உண்டு. அவை பாடநூல்களிலும் இடம்பெறுகின்றன. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பயணக் குறிப்புக்கோ பழைய தாளின் மதிப்பே கிடைக்கிறது. இது சரியான தீர்ப்புத்தானா? நாட்குறிப்பை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? பயண நூலை அளக்கும் அதே கோல் அதற்குப் பொருந்துமா? இவற்றை ஆராய்ந்து பார்த்தல் தமிழ் கற்பிப்போருக்குப் பயன் தரும்.

வண்டியும் குடும்பமும்

குடும்பம் முழுவதும் ஒரு வண்டியில் நெடுவழி செல்வது தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வாணிகராகிய உமணரின் வண்டி வருகிறது. புலவர் அதனைப் பொதுப்படையாகப் புகழ்ந்து விட்டுவிடவில்லை. அவ்வண்டியில் கோழி அடையும் கூடு இருக்கிறது. முகப்பில் காடி வைத்த கலம் இருக்கிறது. பிள்ளையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டி வருகிறாள். நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையிலோ உமணர் வண்டியோடு குரங்கும் கூட வருகிறது; முத்தை உள்ளே இட்ட சிப்பியைக் கிலுகிலுப்பையாக்கி, உமணர் பிள்ளைகளோடு அது விளையாடுகிறது. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் உமணரின் மற்றொரு முன்னேற்பாட்டைக் காட்டுகிறார். மேடும் பள்ளமும் எங்கே வருமென்று அறியாமையால், வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்படுவது அவர்கள் வழக்கம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினியை அவ்வச்சுக்கு ஒப்பிட்டார் புலவர். இன்று காரின் பின்னால் இருக்கும் மாற்றுச் சக்கரத்துக்கு மூத்த உறவு அது.

இப்பாடல்கள் கற்போர் நெஞ்சில் நிற்பதற்குக் காரணம் யாது? கோழிக்கூடு, காடிக்கலம், கிலுகிலுப்பை, மாற்று அச்சு ஆகிய சிறு பொருள்களே. அவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது, 'உமணர் வண்டியில் சென்றனர்' என்னும் ஒரு செய்தி மட்டுமே. சிறுபொருளை விடாமல் சொல்லும் இப்பண்பைச் சங்கப் புலவரிடத்தில் கண்டு வியப்போர், அதே பண்பை ஒரு குடும்பத்தலைவரின் நாட்குறிப்பில் காணும்போது, 'வெறும் கணக்கு' என்று தள்ளுவது முறையாகுமா?

புலவர் பல்லாயிரம் பொருள்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்தார். நாட்குறிப்பாளர் தேர்ந்தெடுக்கவில்லை, கண்டதையெல்லாம் எழுதினார் என்று மறுப்போர் உளர். அம்மறுப்பில் பாதி உண்மை உண்டு. தேர்வு கலையின் உயிர் என்பதை எவரும் மறார். எனினும், எவ்வளவு எழுதினாலும் ஒரு நாளின் நூற்றில் ஒரு பங்கைத்தான் எழுத முடியும். ஆகவே நாட்குறிப்பாளரும் தேர்ந்தெடுக்கவே செய்கிறார். பிறர் மெச்ச வேண்டுமென்று புலவர் தேர்கிறார். பின்னால் தமக்குப் பயன்பட வேண்டுமென்று இவர் தேர்கிறார். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே நாட்குறிப்பை மதிப்பிட வேண்டும்.

அன்றன்று எழுதுதல்

தமிழ் நாட்குறிப்புக்கு முதல்வர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை, தாம் இறக்கும் ஆண்டுவரை, அவர் எழுதினார். அது நெடுங்காலம் வீட்டில் கிடந்தது. 1846இல் கலுவா மொம்பிரேன் என்பவர் கண்டு வெளிக்கொணர்ந்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது. ஒரு வணிகர் தம் வழக்குத் தமிழில் எழுதியதை வரலாற்று ஆசிரியர்கள் இன்று பொன்னேபோல் போற்றுகின்றனர். கப்பல் வந்த நேரம், சரக்கின் விலை, ஊரில் உலவிய வதந்தி, ஆளுநர் சொன்ன சொல் ஆகிய யாவும் அதில் உள. எழுதியபோது மறுநாள் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியாது. இதுவே நாட்குறிப்பின் தனிச்சிறப்பு. முடிவு தெரிந்தபின் எழுதுவது தன்வரலாறு. முடிவு தெரியாமல் எழுதுவது நாட்குறிப்பு. முன்னதில் ஒழுங்கு மிகும்; பின்னதில் நம்பகம் மிகும்.

அன்றே எழுதாவிடில் என்ன நேரும் என்பதற்குக் காரின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், தம் மைந்தர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, கணவர் அமைத்த மோட்டார் வண்டியில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். வழி நூறு கிலோமீட்டருக்கு மேல். பிள்ளைகளுடன் ஒரு தாய் மோட்டார் வண்டியில் சென்ற முதல் நெடும்பயணம் இதுவே. பெரும்பாணாற்றுப்படையில் எருதோட்டிய தாயை இங்கே நினையாமல் இருக்க முடியாது. வீஸ்லோக் என்னும் ஊரில் மருந்துக்கடைக்காரரிடம் எரிபொருள் வாங்கினார். எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். மேடு வந்தபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினர். தேய்ந்த தடைக்கட்டைக்குச் செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் பொருத்தினார். இச்செய்திகள் வீட்டார் நினைவிலிருந்து பின்னாளில் உலகுக்குத் தெரியவந்தவை. அன்றிரவு தாய்வீட்டு விளக்கடியில் எழுதிய பக்கமொன்று இருந்திருக்குமானால் எவ்வளவு தெளிவு கிடைத்திருக்கும்! ஆயினும், உலகம் மறவாமல் வைத்திருப்பது எவை என்று காண்க. ஊசியும் தோலும் மருந்துக்கடையுமே. பயணத்தைப் பற்றிய பெருமொழிகள் அல்ல.

எழுதிவைத்தவர் ஒருவர் உண்டு. பம்பாயில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் இரட்யார்ட் கிப்ளிங், 1911 முதல் 1926 வரை தம் குடும்பத்தாரோடு சென்ற மோட்டார்ப் பயணங்களுக்கு நாட்குறிப்பு வைத்திருந்தார். சாலை எப்படி, விடுதி எப்படி என்பன அதன் பெருவாரியான செய்திகள். அவர் மகன் ஜான் 1915இல் லூஸ் போரில் மாண்டான். 1917 முதல் போர்க் கல்லறை ஆணையத்தில் உறுப்பினராக இருந்த கிப்ளிங், போருக்குப்பின் பிரான்சு நாட்டில் கார் ஓடிய வழியெல்லாம் கல்லறைத் தோட்டங்களுக்கும் சென்றார். மகனைப் பறிகொடுத்த தந்தையின் சாலைக் குறிப்பு என்று தெரிந்து படிக்கும்போது, விடுதியின் பெயர்கூட வேறு கனம் பெறுகிறது. நாட்குறிப்பு துயரத்தை உரக்கச் சொல்லாது. படிப்பவர்தாம் பின்னணியை அறிந்து அதனைக் கேட்க வேண்டும்.

காவேரிக் கரையில் ஒரு கார்

தமிழில் கார்ப் பயணத்தைப் பொருளாகக் கொண்ட நூல்களுள் சிறந்தது, சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதி 1971இல் வெளிவந்த 'நடந்தாய் வாழி காவேரி'. குடகு மலையில் ஆறு பிறக்கும் இடம் முதல் பூம்புகாரில் கடலோடு கலக்கும் இடம்வரை ஆற்றை ஒட்டிச் செல்லும் பயணம் அது. நூலின் பெயரே சிலப்பதிகாரத்துக் கானல்வரியை நினைவூட்டுவது. ஆசிரியர் இருவரும் வானொலியில் பணியாற்றியவர்கள். பேச்சு மொழியின் ஓசை அறிந்தவர்கள். ஆற்றோடு இலக்கியமும் வரலாறும் இசையும் கூடவே ஓடிவருகின்றன. இதனைப் படித்தவர் காவேரியைக் காணாமலே கண்டவராவர்.

எனினும் இது குடும்பத்தின் பயணம் அன்று, நண்பர்களின் பயணம். எழுதுவதென்று முடிவு செய்துகொண்டே புறப்பட்ட பயணம். ஆற்றுக்கு ஏற்ப வழி அமைந்தது. பிள்ளையின் வயிற்றுவலிக்கு ஏற்ப அமையவில்லை. குடும்பப் பயணத்தின் இயல்போ வேறு. எங்கே நிறுத்துவது என்பதைப் பெரும்பாலும் பிள்ளைகளே முடிவு செய்கின்றனர். காணவேண்டிய இடம் காணாமற் போகிறது. காண நினையாத இடத்தில் இரண்டு மணி நேரம் கழிகிறது. பயண நூல் இத்தடைகளைச் சுவைக்காகச் சிறிது சேர்த்துக்கொள்ளும். நாட்குறிப்பில் அவையே உடலாக அமைகின்றன. ஆகவே பயண நூலுக்குரிய கோலால் நாட்குறிப்பை அளந்தால் அது தோற்கும். நாட்குறிப்புக்குரிய கோலால் அளந்தால் பயண நூலும் சில இடங்களில் தோற்கும். ஏ. கே. செட்டியார் பழம் பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து 'தமிழ்நாடு' என்னும் நூலாக 1968இல் வெளியிட்டார். அத்தகைய கட்டுரைகளில் இன்று வாசகர் விரும்பித் தேடுவது வருணனையை அன்று. அக்கால வண்டிச் சத்தத்தையும் சத்திரத்தையும் வழித்தடையையுமே.

பேராக் சாலையில்

இனி, மலேசியத் தமிழரின் வீடுகளில் இத்தகைய குறிப்பு எஞ்சியிருக்குமானால், அதனை எவ்வாறு படிப்பது என்று காண்போம். ஈப்போவிலிருந்து ஒரு குடும்பம் கேமரன் மலைக்குப் புறப்பட்டதாகக் கொள்வோம். கோப்பெங், கம்பார், தாப்பா என்று பழைய பெருஞ்சாலை வழியாகவே போக வேண்டும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது 1994இல்தான். அதற்கு முன்னர் ஒவ்வோர் ஊரின் கடைத்தெருவும் பயணத்தின் பகுதியாக இருந்தது. தாப்பாவிலிருந்து மலை ஏறும் சாலை 1931இல் முடிந்தது. பழைய கார் ஏறும்போது கொதித்துப்போகும். நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவர். வழியில் லாத்தா இஸ்கந்தார் அருவி; பிறகு ரிங்லெட், தானா ராத்தா. 'அருவியில் அரை மணி' என்று நாட்குறிப்பு கூறுமானால், அது இயற்கை அழகில் மயங்கிய அரை மணியா, எஞ்சின் ஆறுவதற்குக் காத்திருந்த அரை மணியா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டுமாக இருக்கலாம். பயண நூலாசிரியர் முன்னதை மட்டும் எழுதுவார்.

தூரம் மைலில் இருந்தால் அது கிலோமீட்டர் வழக்குக்கு வந்த 1970களுக்கு முற்பட்டதாக இருக்கக்கூடும். பெட்ரோல் காலனில் இருக்கும். பணம் வெள்ளியிலும் காசிலும் இருக்கும். இவை ஆண்டைக் கணிக்க உதவும் கருவிகள். கல்வெட்டறிஞர் எழுத்தின் வடிவைக் கண்டு காலம் கூறுவது போல, ஆசிரியர் அளவைப் பெயர்களைக் கொண்டு காலம் கூறலாம்.

காலம் தெரிந்தால் மௌனமும் பேசத் தொடங்கும். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. அது 1960 ஜூலை வரை நீடித்தது. 1951 அக்டோபர் 6ஆம் நாள், பிரேசர் மலைக்கு மனைவியோடு காரில் சென்ற உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி வழியில் மறைந்திருந்தவர்களால் சுடப்பட்டு இறந்தார். மலைவாசத்தை நாடிச் சென்ற கார் அது. அவ்வாண்டுகளில் எழுதிய குறிப்பில், 'வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட்டோம்' என்று ஒரு வரி வருமானால், அது பிள்ளைகளின் உறக்கத்தைக் கருதி எழுதியதாக மட்டும் இராது. ஊரடங்கும் சாலைச் சோதனையும் அவ்வரிக்குப் பின்னே நிற்கின்றன. காட்டில் இருந்தோருக்கு உணவு சென்று சேராதிருக்க, உணவுப் பொருளை எடுத்துச் செல்வதற்கே பல இடங்களில் தடை இருந்தது. பால்மரம் வெட்டச் சென்றோர்கூடச் சோறு கொண்டுபோக முடியவில்லை. ஆகவே அக்காலத்துக் கார்ப் பயணக் குறிப்பில் கட்டுச்சோறு என்னும் சொல்லே வரவில்லையென்றால், அக்குறையும் ஒரு வரலாற்றுச் சான்று ஆகலாம்.

அவ்வாறே, 1941 டிசம்பருக்குப்பின் பக்கங்கள் வெறுமையாக இருப்பின் அதற்கும் பொருள் உண்டு. கம்பாரில் 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை போர் நடந்தது. விடுமுறைக் கார்கள் ஓடிய அதே பெருஞ்சாலை வழியாகத்தான் ஜப்பானியப் படை தெற்கே இறங்கியது. பின்னர்த் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் சயாம் பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பலர் திரும்பவில்லை. எழுதாத பக்கத்துக்கு அதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

சொல்லைத் திருத்தலாமா?

பழைய குறிப்பை அச்சிட விரும்புவோர் முதலில் செய்யும் பிழை அதன் மொழியைத் திருத்துவது. மலேசியத் தமிழர் பேச்சில் கார் 'காடி', இரப்பர் 'கித்தா'. பெரும்பாணாற்றுப்படையின் வண்டியில் இருந்த காடி வேறு, இக்காடி வேறு என்றாலும், ஒரு தமிழாசிரியர்க்கு அவ்வொற்றுமை புன்முறுவல் தரும். நாட்குறிப்பில் காடி என்று இருப்பதை மகிழுந்து என்று மாற்றினால் மொழி தூய்மை பெறலாம், சான்று அழிந்துபோகும். மாணவர்க்குத் தூய தமிழ் எழுதக் கற்பிப்பது ஆசிரியர் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் முன்னோர் எழுதியதை மாணவன் கட்டுரைபோல் சிவப்பு மையால் திருத்தும் உரிமை ஆசிரியருக்கு இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் பிறமொழிச் சொற்களையெல்லாம் களைந்துவிட்டிருந்தால், 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் பேச்சு இன்று எவர் காதுக்கும் எட்டியிராது. சொல்லை அப்படியே விட்டு, பொருளை அடியில் தருவதே பதிப்பு நெறி.

எழுதப்படாத பக்கம்

நாட்குறிப்பைப் போற்றுவதோடு திறனாய்வு நின்றுவிடக் கூடாது. அதன் குறையையும் காட்ட வேண்டும். காரும் நாட்குறிப்பும் ஒருங்கே வாய்த்த வீடுகள் எவை? பெரும்பாலும் வணிகர், அலுவலர், கிராணிமார் ஆகியோரின் வீடுகள். அச்சாலைகளுக்குக் கல்லுடைத்துத் தார் ஊற்றியவர்களுள் தமிழ்த் தொழிலாளர் மிகப் பலர். அவர்கள் குடும்பம் தைப்பூசத்துக்குத் தோட்டத்து லாரியில் நின்றுகொண்டு சென்றது. அதுவும் குடும்பப் பயணமே. பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய விடுமுறை இருந்ததில்லை. ஆனால் லயத்து வீட்டில் அன்றிரவு எழுத மையும் இல்லை, எழுதும் பழக்கமும் இல்லை. காரில் சென்ற வீட்டுக்குத் தாள் இருக்கிறது. லாரியில் சென்ற வீட்டுக்கு நினைவு மட்டும் இருக்கிறது. காரில் சென்ற வீட்டிலும், பேனா ஆண்மகன் கையில் இருந்ததால் விடியற்காலை எழுந்து சமைத்துக் கட்டியவளின் உழைப்பு 'சாப்பாடு எடுத்துச் சென்றோம்' என்னும் மூன்று சொல்லில் அடங்கிவிடும். அவள் வண்டியை முன்னிருக்கையில் உட்கார்ந்து பார்த்தாளா, பின்னிருக்கையில் பிள்ளைகளோடு நெருங்கி இருந்தாளா என்பதைப் பொதுவாக நாட்குறிப்பு கூறுவதில்லை. உமணர் பெண்ணைப் பெரும்பாணாற்றுப்படை பாடியது; இவளைப் பாடுவோர் இல்லை.

இக்குறையை நீக்க இன்னும் சிறிது காலமே எஞ்சியிருக்கிறது. பேராக்கில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. கித்தா மரம் சாய்ந்து செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. மக்கள் நகர்ப்புறத்துக்குப் பெயர்ந்தபோது, எடுத்துச்செல்லத் தகுந்தவை எவை என்று முடிவு செய்ய ஒரு நாளோ இரு நாளோதான் கிடைத்திருக்கும். பாத்திரம் ஏறியது, பழைய தாள் நெருப்புக்குப் போனது. உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்றபோது, பழைய ஏடுகளை ஓமத்தில் இட்டுவிட்டதாக அங்கே அறிந்து நெஞ்சு பதைத்ததைத் தமிழாசிரியர் யாவரும் மாணவர்க்குச் சொல்லியிருப்பர். அதைச் சொல்லும் வாய், தன் ஊரில் எரியும் தாளைக் குறித்து மௌனமாக இருக்கலாகாது.

செய்யத்தக்கது பெரிய காரியம் அன்று. ஆண்டிறுதி விடுமுறைக்குமுன் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொல்வது பள்ளிகளின் வழக்கம். காலைக் கதிரவன் பொன்னிறமாக எழுந்தான் என்று தொடங்கி, மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம் என்று முடியும் கட்டுரைகளைத் திருத்தித் திருத்தி ஆசிரியர்கள் சலித்திருப்பர். அதற்கு மாறாக, பாட்டியிடமோ தாத்தாவிடமோ அவர்கள் சென்ற ஒரு பயணத்தைக் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். எந்த வண்டி, யார் ஓட்டியது, எங்கே நின்றது, என்ன உண்டனர், எவ்வளவு கொடுத்தனர் என்னும் ஐந்து வினாக்கள் போதும். வீட்டில் பழைய குறிப்பு இருந்தால் அதனைத் திருத்தாமல் படியெடுத்து வரச் சொல்லலாம். கதிரவன் எழுந்த செய்தி குறையும். கட்டுரை நன்கு அமையும்.

செலவு என்னும் சொல்லின் இரு பொருளும் அப்போது ஒன்றுகூடும். ஒரு குடும்பம் எங்கே சென்றது, அதற்கு என்ன கொடுத்தது என்பன இரண்டும் தெரிந்தாலே அக்குடும்பத்தின் வாழ்வு விளங்கும். பெட்ரோல் கணக்கு எழுதிய பக்கத்தைக் கிழித்தெறியக் கை நீளும்போது, ஔவையார் ஓர் அச்சைப் பாட்டில் வைத்துக் காத்தார் என்பதை நினைவுகூர்தல் நன்று.